மேடையில் மட்டும் மங்கிய கிட்டார்

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கும் மேடை ஒலி வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பழைய வால்வு ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் எப்படிப் போடுவது, அதற்குப் பஃபர் கட்டாயம் வேண்டுமா என்று. வேண்டும். வரைபடம் ஒரு தாளில் அடங்கிவிடும், போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஆனால் அந்தப் பஃபரை நான் ஒருமுறை போடாமல் விட்டதால் ஒரு மனிதர் தன் காதையே நம்பாமல் போனார். அதை மறைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உறையூரில் முப்பது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்தேன். பகலில் ரிப்பேர் மேஜை. சாயங்காலம் முகூர்த்த நாள் என்றால் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு மிக்ஸரில் உட்காருவேன். சால்டரிங் அயர்ன் பிடித்தால் கை நடுங்க ஆரம்பித்த பிறகு போன வருஷம் கடையை மூடினேன். நான் சொல்லப்போவது அதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது.

அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவர் சிராஜ் பாய், பாலக்கரைக்காரர். பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில், தம்மாமில் ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது ஊரோடு வந்துவிட்டார். வரும்போது கார்கோவில் கம்பளிகளுக்கு நடுவே சுற்றி ஒரு வால்வு ஆம்பை அனுப்பியிருந்தார். அங்கே சம்பாதித்ததில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதான் என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாராம். ஆர்ப்பாட்டம் இல்லாத வாசிப்பு அவருடையது. மேல் தந்தியில் ஒரு சுரத்தைத் தொட்டு நிறுத்தினார் என்றால், பந்திக்கு எழுந்து போகிறவர்கூட ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார்.

அவர்தான் ஒரு நாள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அண்ணே, டிலே பெடலை ஆம்புக்கு முன்னாடி மாட்டினா டிஸ்டார்ஷனோட கலந்து எல்லாம் கூழாப் போயிடுது. பின்னாடி மாட்டற மாதிரி ஒரு வழி பண்ணித் தாங்க."

டிலே என்பது வாசித்ததை எதிரொலி போலத் திருப்பித் தரும், காலால் அழுத்துகிற பெட்டி; டிஸ்டார்ஷன் என்பது ஆம்ப் சத்தத்தில் ஏற்றும் கரகரப்பு. அவர் கேட்டது எஃபெக்ட்ஸ் லூப். ஆம்புக்குள் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி கிட்டாரின் சத்தத்துக்கு நிறம் கொடுக்கும், இரண்டாவது பாதி அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் திறந்து, சத்தத்தை வெளியே எடுத்து, பெடலுக்குள் விட்டு, மறுபடி உள்ளே கொண்டுவருவதுதான் லூப். அவருடைய ஆம்பில் அது இல்லை. நான் பின்பக்கத் தகட்டில் இரண்டு துளை போட்டு, அனுப்ப ஒரு சாக்கெட், வாங்க ஒரு சாக்கெட் வைத்தேன். எதுவும் மாட்டாவிட்டால் சிக்னல் உள்ளுக்குள்ளேயே நேராகப் போய்விடும்படி அமைத்தேன்.

வெளியே போகிற சிக்னலுக்குப் பலம் இருக்காது. நீளமான கேபிளில் அதை ஓடவிட்டால் மேல் ஸ்தாயி வழியிலேயே செத்துவிடும். அதற்குத்தான் பஃபர். சிக்னலை வாங்கி, அதன் அளவை மாற்றாமல், நீள ஒயரைத் தாங்கும் பலத்தை மட்டும் கொடுத்து அனுப்பும் சின்ன சர்க்யூட். இது எனக்குத் தெரியும். இந்த ஆம்புக்குத் தேவைப்படாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மேஜையில் ஓர் அடி கேபிளில் என்னிடம் கிடந்த ஒரு டிலேயை மாட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மூடி, திருகாணி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மேடையில் பெடல் வாசிப்பவரின் காலடியில் இருக்கும், ஆம்ப் பின்னால் சுவரோரம் இருக்கும். ஒயரை யாரும் தடுக்கி விழாமல் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். போக இருபது அடி, வர இருபது அடி. எத்தனை மேடை பார்த்தவன் நான், மேஜையில் அந்தக் கேபிளை மாட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

இரண்டு கச்சேரி முடிந்து வந்தார். "சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குண்ணே."

"பெடல் எல்லாம் வேண்டாம், ஆம்பையும் கிட்டாரையும் மட்டும் கொண்டு வாங்க" என்றேன்.

கொண்டுவந்தார். லூப்பில் ஒன்றும் மாட்டாமல் வாசித்தார். பளிச்சென்று இருந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடி வந்தார், மறுபடி நன்றாக இருந்தது. மூன்றாவது முறை வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வாசிக்காமலே இருந்தார்.

"உங்க கடைல நல்லாத்தான் இருக்கு. மேடைக்குப் போனா இல்ல. நடுவுல என்னதான் நடக்குதுண்ணே?"

பழுது எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை எந்த மீட்டரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. கடைக்கும் மேடைக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தால் போதும். "மண்டபத்துல எதிரொலி அப்படி இருக்கும் பாய்" என்று சொல்லி டீ வரவழைத்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டே அவர் குரலைத் தணித்துச் சொன்னார். "அண்ணே, வீட்டுல இத இன்னும் சொல்லல. அங்க ஜெனரேட்டர் ரூம்ல காதுக்கு ஒண்ணும் போட்டுக்க மாட்டோம். அந்த இரைச்சல்லதான் பன்னெண்டு வருஷம். எனக்குத்தான் காது மந்தமாகுதோன்னு பயமா இருக்கு."

என்னை நம்பித்தான் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்ததை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. என் வேலையில் குறை இல்லை என்று வாடிக்கையாளரே சொல்லிவிட்ட நிம்மதி.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் ஒன்பது பேர். கீபோர்டு வாசிக்கும் பாஸ்கர்தான் குழுவை நடத்துகிறவர். நான் மண்டபத்தின் பின்பக்கம் மிக்ஸரில் இருந்தேன். சவுண்ட் செக் இழுத்துக்கொண்டே போனது. சிராஜ் பாய் ஆம்பின் முன்னால் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். பிறகு மைக் அருகே வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்கு. பின்னாடி மாட்டியிருக்கற ரெண்டு ஒயரையும் உருவிட்டு ஒரு தடவ பாத்துடலாமா? ரெண்டு நிமிஷம்தான்."

பாஸ்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாய், பொண்ணு மாப்பிள்ளை ரூம்ல இருந்து கிளம்பிட்டாங்க. இப்பப் போய் உருவறேன்னு சொல்றீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. ஆம்ப்ல ஏதாவது இருக்கா?"

மிக்ஸரிலிருந்து மேடை ஸ்பீக்கர்களுக்குப் பேசுகிற மைக் என் கையில் இருந்தது. அதில் பேசினால் மேடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்.

"ஆம்ப் நல்லாருக்கு. மூணு தடவ பாத்துட்டேன். பாய் பன்னெண்டு வருஷம் ஜெனரேட்டர் ரூம்ல இருந்தவரு. கோளாறு எங்க இருக்குன்னு அவருக்கே தெரியும்."

மேடையில் யாரோ சிரித்தார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை. சிராஜ் பாய் தன் இடத்துக்குப் போனார்.

அவர் கேட்டது சரியான சோதனை. அந்த இரண்டு ஒயரையும் உருவியிருந்தால் அந்த நொடியே சத்தம் திரும்பியிருக்கும், பழுது லூப்பில்தான் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்துசேர அதற்கப்புறம் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் மிக்ஸரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாட்டு எப்படியோ போனது. மங்கலை ஈடுகட்ட அவர் ஆம்பில் மேல் ஸ்தாயியைக் கூட்டும் டிரெபிளை முழுக்கத் திருகி வைத்திருப்பார் போல. இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டாரிலிருந்து ஒரு கீச்சல் எழுந்து மண்டபம் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் பெண்ணின் அப்பா காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கிட்டார் மைக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தேன். அது வரைக்கும் தொழில்தான், எவரும் அதைத்தான் செய்வார்கள். அதற்குப் பிறகு நான் அதை மேலே ஏற்றவில்லை.

மேடையில் அவரும் ஆம்பைத் தணித்துவிட்டார். நாலாவது பாட்டில், தன் சத்தம் மண்டபத்துக்குப் போகவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஏதோ பட்டனைத் தேடுவது போல இருந்தேன். மீதி இருந்த அத்தனை பாட்டுக்கும் அவர் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு இடத்தில்கூட விட்டுவிட்டு நிற்கவில்லை. யாருக்கும் கேட்காத ஒரு கச்சேரியைக் கடைசி வரை சுத்தமாக வாசித்து முடித்தார்.

அடுத்த கச்சேரிக்குக் கிட்டார் பகுதிகளைப் பாஸ்கர் கீபோர்டிலேயே வாசித்துக்கொண்டார். சிராஜ் பாய் ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் குறைவு இருக்கிறது, இந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான் என்று டாக்டர் சொன்னாராம். மற்றவர்களுக்கு அது ஒரு தகவல், இவருக்கு அது தீர்ப்பு. காந்தி மார்க்கெட்டில் மச்சானின் எலுமிச்சம்பழ மண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். காட்டூரிலிருந்து நிவேதா என்று ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கினார். இன்ஜினியரிங் முடித்தவர், நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறார். ஆட்டோவிலிருந்து ஆம்ப், கிட்டார், பெடல் பலகை, ஒரு பை நிறைய கேபிள் எல்லாவற்றையும் இறக்கினார். ஆம்பைப் பார்த்ததும் அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அங்கிள், இத ஒரு பாய்கிட்ட வாங்கினேன். பெடலை லூப்ல மாட்டினா மங்கிடுது, உருவினா சரியாயிடுது. வெளிய போற சாக்கெட்டுக்குப் பக்கத்துலயே, ஒரு அடி ஒயர்ல, சுருதி பாக்கற ஒரு பழைய டியூனர் பெடலை வச்சுப் பாத்தேன். அதுக்குள்ள பஃபர் இருக்கு. அதுக்கப்புறம் எவ்வளவு நீள ஒயர் போட்டாலும் மங்கல. உள்ள பஃபரே இல்லன்னு நெனைக்கிறேன். தெறந்து பாக்கறீங்களா?"

அவர் ஒரே மதியத்தில் கண்டுபிடித்திருந்தார். நான் திறந்து பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை.

"யாரு அங்கிள் இப்படி லூப் போட்டது?"

"யாரோ பழைய ஆள் பண்ணியிருக்காங்க" என்றேன்.

ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர். அரை மணி நேர வேலை. இருபது அடி கேபிளில் மாட்டி வாசித்துக் காட்டச் சொன்னேன். மேல் தந்தியைத் தொட்டார். சிராஜ் பாயின் அந்தச் சத்தம் என் கடைக்குள் கேட்டது. அவர் விரல் இல்லை, ஆனால் அதே பளிச்.

நிவேதா ஆம்பை மூடுவதற்கு முன் உள்ளே குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பழைய சால்டரும் இப்ப நீங்க வச்சதும் ஒரே கை அங்கிள்."

நான் திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"வித்தப்ப அந்த பாய் என்ன சொன்னார் தெரியுமா? 'ஆம்ப் நல்லாருக்கும்மா, எனக்குத்தான் காது போயிடுச்சு'ன்னு சொன்னார். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு மாதம் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை கிடைத்தது.

இந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பஃபரை விட்டது அலட்சியம். மண்டபத்தில் பேசியது அவசரம், அகங்காரம். தெரிந்த பிறகும் கடந்துபோன ஒவ்வொரு நாளும், தெரிந்தே செய்தது.

ஒரு காலையில் டவுன் பஸ் பிடித்துக் காந்தி மார்க்கெட் போனேன். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியில் இருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே, உக்காருங்க" என்று தன் நாற்காலியைத் தந்துவிட்டு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். சுமை இறக்குகிற சத்தத்துக்கு நடுவில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். லூப்பில் நான் பஃபர் போடாததை, ஓர் அடி கேபிளை, அந்தப் பெண் கண்டுபிடித்ததை, அந்தப் பெண்ணிடமும் நான் பொய் சொன்னதை.

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கேட்டார்.

"எப்பண்ணே தெரிஞ்சுது?"

"ரெண்டு மாசம் ஆச்சு பாய்."

"ரெண்டு மாசம்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். பிறகு கையில் இருந்த ஒரு பழத்தை மூட்டைக்குள் போட்டார். "அந்த டெஸ்டுக்கப்புறம் வீட்டுல எல்லாரும் என்கிட்ட கத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பேரப் பிள்ள வரைக்கும். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. ஆனா அவங்க அவ்வளவு சத்தமாப் பேசறாங்கன்னா நமக்குத்தான் தெரியலன்னு நெனைச்சு, கேட்டதயே ரெண்டாவது தடவ கேக்க ஆரம்பிச்சுட்டேன்."

"மன்னிச்சுடுங்க பாய்."

ஒரு வண்டி வந்து நின்றது, எழுந்துபோய் மூட்டை எண்ணிக்கை சொல்லிவிட்டு வந்தார்.

"அண்ணே, அன்னிக்கு மேடைல ஒம்பது பேர் இருந்தோம். என்னத் தவிர எட்டுப் பேர். அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி மைக்ல சொன்னீங்க. இத மட்டும் இங்க வந்து என் காதுல சொல்றீங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. மார்க்கெட் இரைச்சலில் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் ஒத்திகைக்குப் போனேன். பழைய ஆட்களில் ஆறு பேர் இருந்தார்கள், புதிதாக மூன்று பேர். வாசித்துக்கொண்டிருந்த பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு, பேச வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாடகி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்கர் கீபோர்டை விட்டு எழுந்து வந்தார்.

"நானும் அன்னிக்கு டைம் பாத்தேனே தவிர அவரப் பாக்கலண்ணே" என்றார். "வரச் சொல்லுங்க. அடுத்த கச்சேரிக்கே வரட்டும்."

வாசலில் நின்று சிராஜ் பாய்க்கு போன் போட்டேன். பாஸ்கர் கூப்பிடுவதைச் சொன்னேன்.

"கிட்டார் இப்ப என் மக வீட்டுல இருக்கு. போன வாரம் எடுத்துப் பாத்தேன். காது சரியாத்தாண்ணே இருக்கு. விரல்தான் வர மாட்டேங்குது. ரெண்டு வருஷத்துக்கு மேல தொடாம விட்டா எப்படி வரும்?" பிறகு கேட்டார். "யார் யார்கிட்ட சொன்னீங்க?"

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.

"தபேலா வாசிக்கறவரு ஊருக்குப் போயிட்டாரு, அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். டிரம்ஸ் வாசிச்சானே, முரளி, அவன் இல்லியா?"

"அவன் சென்னைக்குப் போயிட்டான் பாய்."

"அவன்கிட்டயும் சொல்லிடுங்க" என்று போனை வைத்தார்.

அவர் இன்றுவரை மேடைக்குத் திரும்பவில்லை. நான் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஆம்ப் மட்டும்தான் இருக்கிறது. வாசிக்கிறவர் சத்தம் சரியில்லை என்று சொன்னால், உங்கள் காதுக்கு நன்றாகக் கேட்டாலும், மீட்டர் என்ன காட்டினாலும், அவர் கேட்ட இடத்தில், அவர் கேட்ட ஒயரோடு கேட்டுப் பாருங்கள். முடியாமல் போனால் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லுங்கள். அந்த மண்டபத்தில் எனக்கு வராமல் போனது அந்த வாக்கியம்தான்.

முரளியின் நம்பரைப் பாஸ்கரிடம் வாங்கி, ஒத்திகைக்கு மறுநாள் காலையில் கூப்பிட்டேன். ஏதோ ஸ்டூடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஸ்ரீரங்கத்து வரவேற்பு, சவுண்ட் செக், மைக்கில் நான் சொன்னது என்று ஆரம்பித்தேன்.

"எந்த வரவேற்புண்ணே? எனக்கு ஞாபகமே இல்லியே" என்றான்.

நான் ரோட்டோரம் ஒதுங்கி நின்றுகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். "நம்ம குழுவுல சிராஜ் பாய்னு ஒருத்தர் கிட்டார் வாசிச்சாருப்பா."